பன்னிரண்டாவது சீட்டு

அந்த அக்காவைப் போலப் பயப்படுகிற ஒரு மனுஷியை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மிக்சியைப் போடுவதென்றால் இரண்டடி தள்ளி நின்று, உலர்ந்த மரக்கரண்டியால்தான் சுவிட்சைத் தட்டுவார். மெட்ரோ ஸ்டேஷனில் ரயில் வந்து கதவு திறக்கும்வரை சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார். ஆதார் நகல் கைப்பையில் ஒன்று, பைபிள் உறைக்குள் ஒன்று, சாப்பாட்டு டப்பா வைக்கிற பையில் ஒன்று. கேட்டால் "எதுக்கும் இருக்கட்டும்மா" என்பார். எங்கள் சபையில் அவருக்கு 'எதுக்கும் அக்கா' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான்தான்.

கன்டோன்மென்ட் பக்கம் இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவச் சபை எங்களுடையது. ஸ்ரீராம்புரத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், கை கால் விழுந்தவர்கள் இருக்கிற அறுபது வீடுகளுக்குச் சனிக்கிழமைதோறும் மளிகைப் பை போகும். இதை எங்கள் சபை மட்டும் செய்யவில்லை. ஸ்ரீராம்புரத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு டிரஸ்ட் வீடுகளைப் பார்த்துப் பட்டியல் தரும், அரிசி பருப்பையும் வாங்கி அனுப்பும். சபை தன் ஹாலையும் பை கட்ட ஆட்களையும் தரும். முஸ்லிம் சங்கம் ஒன்று வேனும் டிரைவரும் தரும். டிரைவரை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். மூன்று பேருக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு நிபந்தனை. பைக்குள் மளிகைச் சாமான் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது, யார் சாமியும் இருக்கக் கூடாது.

அந்த நிபந்தனையை அக்கா காத்த விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். கட்டி முடித்த பையை மறுபடி அவிழ்ப்பார். அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார். சர்ச்சுக்குப் போகிற பழக்கத்தில் யாராவது காணிக்கை உறையையோ பாட்டுச் சீட்டையோ மடித்துப் பைக்குள் போட்டிருப்பார்களோ என்று சந்தேகம். கழுத்தில் சிலுவைச் செயின் போட்டிருந்தால் ரவிக்கைக்குள் தள்ளிக்கொள்ளச் சொல்லுவார். வீட்டு வாசலில் நின்று ஆசீர்வாதம், ஜெபம், எதையும் வாயால் சொல்லக் கூடாது. "வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும்.

எங்களோடு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அங்கிள் வருவார். அவருக்கு மூச்சு விட்டால் 'ஸ்தோத்திரம்' வரும். மூன்று வாரம் சொல்லிப் பார்த்தும் திருந்தவில்லை. நான்காவது வாரம் அக்கா ஒரு பொட்டலம் புளிப்பு மிட்டாய் வாங்கி வந்தார். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் அங்கிளை நிறுத்தி, "வாயத் தொறங்க" என்று ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார். அங்கிள் கன்னத்தை உப்பிக்கொண்டு கைகூப்பிவிட்டு வருவார். நான் இதை வீட்டில் நடித்துக் காட்டியபோது என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஹால் சுவரில் அந்த வருஷத்துப் பைபிள் வசனம் எழுதிய பெரிய பலகை ஒன்று உண்டு. டிரஸ்ட் தலைவர் வருகிறார் என்றால் அக்கா அதன்மேல் ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிடுவார். தலைவர் பெயிண்ட் கடை வைத்திருக்கும் கன்னடக்காரர், வயசானவர், நெற்றியில் எப்போதும் விபூதி இருக்கும். ஒரு நாள் அவரே போய் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"யாக்கம்மா, ஏன் மூடுறீங்க? உங்க மனேல உங்க தேவரு, உங்க சாமி இருக்காரு. நான் என் கடைல மூடுறேனா?"

"இல்ல சார். எதுக்கும்…" என்று அக்கா இழுத்தார். அவர் போன பிறகு, வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் துணியை எடுத்து மடித்தார். இவ்வளவு பயம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

காரணம் தெரிந்தது ஒரு மழைநாளில். மற்றவர்கள் வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். கேட்காமலேயே சொன்னார்.

ஒரு காலத்தில் அவர் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்திருக்கிறார். சாகக் கிடந்த ஒரு பெரியம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் சொல்லும்மா, பயமா இருக்கு" என்றிருக்கிறது. இவருக்குத் தெரிந்தது ஜெபம்தான். காதோடு காதாகச் செய்திருக்கிறார். மதம் மாற்றுகிறார் என்று பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு இருந்த யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இவரைப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சாயங்காலம் நாலு வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

"அடிக்கல, திட்டல. சும்மா சொல்லக் கூடாது, டீ கூடக் குடுத்தாங்க. ஒருத்தரு மட்டும் வந்து வந்து, யாரு அனுப்புனாங்க, யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டுட்டே இருந்தாரு. யாருமில்ல சார்ங்கிறேன். திரும்ப வர்றாரு, திரும்பக் கேக்குறாரு. பாத்ரூமு எங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாயி வரல. கடைசில பேர எழுதிக்கிட்டு அனுப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"அவ்ளோதான். வேலை போச்சு." பொட்டலத்தின் வாயை மடித்தார். "அன்னிக்கி எழுதுன பேரு இன்னும் அங்க இருக்கும்ல?"

"எத்தன வருஷம் ஆச்சு? எலி தின்னிருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"இவ்ளோ பயம் இருக்கிறவங்க எதுக்கு இந்த வேலைக்கு வர்றீங்க? வீட்ல இருக்கலாமில்ல?"

"வீட்ல இருந்தா இன்னும் பயமா இருக்கும்மா. அந்தப் பெரியம்மா கையப் புடிச்ச புடி விடவே இல்ல எனக்கு."

அதற்குப் பிறகும் நான் அவரைக் கேலி செய்வதை நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். கொஞ்சம் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, சந்துக்குள் வேனுக்கு முன்னால் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பைக்குள் என்ன இருக்கிறது, காட்டுங்கள் என்றான். பாய் ஒரு பையை அவிழ்த்துக் காட்டினார். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு. அவன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு வழிவிட்டான். அக்கா வேனுக்குள்ளிருந்து இறங்கவே இல்லை. நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்காவின் பயம் எனக்குப் புரிந்ததும் அன்றைக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் டிரஸ்ட் தலைவர் நேரில் வந்துவிட்டார். இன்னும் கவனமாக இருக்க வேண்டும், என் ஆட்களிலேயே பாதிப் பேர் இந்தக் கூட்டு வேண்டாம் என்கிறார்கள், நான்தான் பிடித்துவைத்திருக்கிறேன், ஒரு சின்னத் தவறு நடந்தாலும் என்னால் அவர்களை நிறுத்த முடியாது, என்றார். போதகரின் அறையில் இதைப் பேச அக்காவையும் கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது என்னிடம், "இன்னிக்கி நீ செக் பண்ணிடு. கையை உள்ள விட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறுபது வீட்டில் பன்னிரண்டு வீடு சர்க்கரைக்காரர்கள். அவர்கள் பையில் அரிசியைக் குறைத்து ராகி வைப்போம். பை மாறிவிடாமல் இருக்க, கெட்டியான சீட்டில் 'சுகர்' என்று எழுதி மேலாகச் செருகுவது வழக்கம். அன்றைக்குச் சீட்டு தீர்ந்திருந்தது. அலமாரியைத் திறந்தேன். ஓர் அட்டைக் கட்டு கிடந்தது. ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது, பேனா நன்றாக எழுதியது. பன்னிரண்டு அட்டையில் எழுதிப் பன்னிரண்டு பையில் செருகினேன். பிறகு அக்கா சொன்னபடி அறுபது பைக்குள்ளும் கையை விட்டு ஒழுங்காகத் துழாவிப் பார்த்தேன். வேன் புறப்பட்டுப் போயிற்று.

மத்தியானம் வாக்கில் மேஜையைத் துடைக்கும்போது மீதிக் கட்டு கைதவறி விழுந்தது. அட்டைகள் மறுபக்கம் திரும்பிக் கிடந்தன. அவை வாக்குத்தத்த அட்டைகள். புது வருஷ ஆராதனையில் ஆளுக்கு ஒன்று எடுப்போமே, ஆட்டுக்குட்டிப் படமும் பூவும் போட்டு, அந்த வருஷத்துக்கு உனக்கு இதுதான் என்று ஒரு வசனம் அச்சடித்திருக்குமே, அதில் மிஞ்சியவை. பிறந்ததிலிருந்து வருஷத்துக்கு ஒன்று எடுத்துப் பழகிய கண்ணுக்கு அது வெறும் அட்டையாகத்தான் தெரிந்திருக்கிறது. வேறு யாராவது அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் எடுத்தவுடன் பார்த்திருப்பார்கள்.

அக்கா போதகர் அறையிலிருந்து வெளியே வந்தார். தரையில் கிடந்த அட்டைகளையும் என் முகத்தையும் பார்த்தார். "எத்தன?" என்று மட்டும் கேட்டார்.

"பன்னெண்டு."

கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் ஆட்டோவைக் கைகாட்டினார். வழியில் பாய்க்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லா மனைக்கும் குடுத்தாச்சேம்மா. எனக்குத் தமிள் படிக்க வராது, நான் என்னத்தக் கண்டேன். டென்சன் நக்கோ, பயப்படாதீங்க. நான் ரோடு முனைலயே வண்டிய போட்டு நிக்கிறேன், வாங்க."

பட்டப்பகலில், ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒவ்வொரு சந்து திரும்பும்போதும் அந்த நாலைந்து பேர் நிற்கிறார்களோ என்று முதலில் எட்டிப் பார்த்தேன். டீக்கடையில் யாராவது போனை எடுத்துப் பார்த்தால்கூட எங்களைத்தான் படம் எடுக்கிறார்கள் என்று தோன்றியது. அக்கா வாசலில் நின்று, "சீட்டு மாறிப் போச்சும்மா, அதக் கொஞ்சம் குடுத்துடுங்க" என்பார். பொய் சொல்லவும் அவருக்குப் பயம். சீட்டு மாறிப் போனது நிஜம்தானே என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

ஒரு வீட்டில் அட்டையைக் காலண்டரில் செருகியிருந்தார்கள். ஒரு வீட்டில் குழந்தை அதன்மேல் கிறுக்கிக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் தர மாட்டேன் என்றுவிட்டார். "ஆட்டுக்குட்டி நல்லாருக்கு. இருந்துட்டுப் போவட்டுமே" என்றார். அக்கா அவர் கட்டில் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "அப்பா, அது இருந்துச்சுன்னா அடுத்த வாரத்திலேருந்து உங்களுக்கு ராகி வராதுப்பா" என்றார். அவர் ஒன்றும் விளங்காமல் எடுத்து நீட்டினார்.

பதினோரு அட்டை கைப்பையில் சேர்ந்தது. பன்னிரண்டாவது வீடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை. தெருக் கூட்டுகிற வேலை பார்த்து, சர்க்கரையில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்ட அம்மா அங்கே இருந்தார். அவருக்கு ஒரு மகன், பொம்மசந்திராவில் கம்பெனி வேலை என்று பட்டியலில் இருந்தது. மகனை நாங்கள் பார்த்ததில்லை என்றுதான் நினைத்திருந்தோம். கதவருகே ஒருவன் நின்றிருந்தான். போன வாரம் வேனுக்கு முன்னால் போனைப் பிடித்தவன் அவன்தான். அட்டை அவன் ஒரு கையில் இருந்தது, போன் மறு கையில்.

"இது எப்டி எங்க பைல வந்துச்சு?"

உள்ளிருந்து அந்த அம்மா, "டாக்டரு சீட்டுடா அது. சுகர்னு போட்டிருக்குல்ல? நான்தான் மாத்திரையோட எடுத்து வெச்சேன்" என்றார்.

"நீ சும்மா இரும்மா. அந்தப் பக்கம் என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?" அவன் எங்கள் பக்கம் திரும்பினான். குரல் உயரவில்லை. "நான் போன வாரம் கேட்டப்ப ஒண்ணுமில்லன்னு காட்டுனீங்க. நானும் நம்பிப் போனேன். நடக்க முடியாத பொம்பள, யாரு எது குடுத்தாலும் வாங்கித் தலைமாட்டுல வெச்சுக்கும். அதப் போயி ஏமாத்துறீங்களே. யாரு வெச்சது?"

நான் வைத்தேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு சொல்தான். அவன் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் வெச்சேன்" என்றார் அக்கா.

"யாரு வெக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல தம்பி. நானே வெச்சேன். சபைக்குத் தெரியாது, டிரஸ்டுக்குத் தெரியாது. இதோ நிக்குதே, இந்தப் பொண்ணுக்கும் தெரியாது."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் அவரையும் அட்டையையும் சேர்த்துப் படம் எடுத்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நேராக டிரஸ்ட் தலைவர் கடைக்குப் போனான்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை. என் பெயர் வெளியே வந்தால் அந்த வேலை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு என்ன ஆகும் என்று நினைத்தது அதற்கு அப்புறம்தான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நடந்தது.

திங்கட்கிழமை காலை தலைவர் ஹாலுக்கு வந்தார். டிரஸ்ட் ஆட்கள் எல்லோரும் கூட்டை முறிக்கச் சொல்கிறார்கள் என்றார். அந்தப் பையனிடம் அவர் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். தனி ஆள் செய்த தப்பு என்று எழுத்தில் இருந்தால், அந்த ஆள் இனி இந்த வேலைக்கு வருவதில்லை என்றால், அதன் ஒரு நகலை ஸ்டேஷனிலும் கொடுத்துவிட்டால், அவன் புகார் கொடுக்க மாட்டான். அறுபது வீட்டுக்கும் பை நிற்காது.

"நானே எழுதித் தர்றேன் சார்" என்றார் அக்கா. எழுதினார். ஒரு பக்கம் எழுத ரொம்ப நேரம் ஆனது. கடைசியில் சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார் தலைவர். அன்றைக்கு மேஜையில் யார் இருந்தது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க நோடிதீராம்மா? இவங்க வெச்சத உங்க கண்ணால பாத்தீங்களா?"

கிழவரின் கண்ணில் ஏதோ சந்தேகம் இருந்தது. இல்லை என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று அவர் காத்திருந்ததாக இப்போது தோன்றுகிறது. அக்கா காகிதத்தை என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

"பாத்தேன் சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்காவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகத் தலைவர் காரை எடுக்கப் போனார். கேட் வரைக்கும் அக்காவோடு நடந்தேன். "அக்கா, நான் இப்பவே போயிச் சொல்லிடறேன். நான்தான்னு சொல்லிடறேன்" என்றேன்.

அவர் என் கையை இறுகப் பிடித்தார். "வேணாம். வாயத் தொறக்காத. ஒருத்தி பண்ணான்னா புத்தி கெட்டவன்னு விட்டுடுவாங்க. ரெண்டாவது பேரு வந்துச்சுன்னா சபையே சேந்து பண்ணதுன்னு ஆயிடும். அப்புறம் அறுவது வீடும் போச்சு. எனக்கு ஏற்கெனவே அங்க பேரு இருக்கு. இன்னொருவாட்டி எழுதிக்கிட்டா என்ன?"

கார் வந்தது. ஏறுவதற்கு முன் ஒருமுறை திரும்பி, ஸ்டேஷனுக்குள்ளே பாத்ரூம் எந்தப் பக்கம் இருக்கும் என்று தலைவரிடம் மெதுவாகக் கேட்டார். அவர் தெரியாது என்று தலையாட்டினார்.

மதியம் விட்டுவிட்டார்கள். பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டார்கள், வேறொன்றும் நடக்கவில்லை என்று தலைவர் போனில் சொன்னார். அக்கா வேறு சபைக்குப் போய்விட்டார். எந்தச் சபை என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அந்தச் சனிக்கிழமையும் பை போனது, இந்தச் சனிக்கிழமையும் போகும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற அம்மாவுக்கும் ராகி போகிறது. அவர் மகனே சில நாள் சந்து முனைக்கு வந்து வாங்கிக்கொள்கிறான்.

அக்கா சொன்னது சரிதான். இரண்டாவது பெயர் வந்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது அறுபது வீட்டுக்காக இல்லை. அது அக்காவுக்குத் தெரிந்தே இருந்தது. நல்ல காரணம் ஒன்றைத் தேடி எடுத்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.